நாலு மணித் தண்ணீர்

தாராவியில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் நாலு மணிக்கு வரும்.
நாலே முக்காலுக்கு நின்றுவிடும்.
அதற்குள் சபையின் மொட்டைமாடியில்
கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி நிறைய வேண்டும்.
வீட்டுக்கு இரண்டு குடம்.
அம்மன் படம் மாட்டிய வீடுகளிலிருந்தும் இரண்டு,
சுல்தானா ஆப்பா வீட்டிலிருந்து ஒன்றரை.
மாடிக்குத் தூக்கிப் போவது நான்.
ஆறு வருடமாக
பிறர் ஞானஸ்நானத்துக்கு நிரப்புகிறேன்.
முழங்கைக்கு மேல் நனைந்ததில்லை.

ரயில்வேயில் கீமேன்.
குர்லாவிலிருந்து வடாலா வரை
தோளில் சுத்தியல், இடுப்பில் சிவப்புக் கொடி.
கழன்ற கிளிப்பை அடித்து ஏற்றுவேன்.
நான் நடந்து முடித்த தண்டவாளத்தில்
என் பெயர் தெரியாத லட்சம் பேர் வருகிறார்கள்,
ஒருவர் அக்குளில் ஒருவர் முகம் வைத்து.
பார்க்காத கிளிப்பைப் பார்த்ததாக
டைரியில் ஒரு நாளும் எழுதியதில்லை.
பெருமைக்குச் சொல்லவில்லை.
பயம்.

இந்த வேலைக்கு மனுப் போட்டபோது
ஒரு தாள் இணைத்தேன்.
விளாத்திகுளம் தாலுகா முத்திரை.
சாதிக்கு ஒரு கட்டம், மதத்துக்கு ஒரு கட்டம்.
சுவர் ஏறும் பையன்கள் மாதிரி
ஒன்றின் தோளில் ஒன்று நிற்கும்.
கீழே நிற்பவன் நகர்ந்தால்
மேலே இருப்பவன் விழுவான்.

கூட வேலை பார்க்கும் காம்ப்ளே
புத்தரிடம் போனார்.
சான்றிதழும் கூடவே போனது.
இயேசுவிடம் போனால் அது வாசலிலேயே நின்றுவிடுமாம்.
"உள்ளே போனதும் சாதி போயிடும்னு சர்க்காரே சொல்லுதே,
உனக்கு என்ன குறை?" என்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே
ஒரு சுவர் இருப்பதை அவரிடம் சொல்லவில்லை.

போதகர் தவசிமணி நல்லவர்.
"முங்கி எழும்பு தம்பி. வெளியே சொல்ல வேண்டாம்.
எத்தனையோ பேர் அப்படித்தான்.
ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறவர்."
இராத்திரியில் வந்து கேட்டுப்போன நிக்கொதேமுவை
அவர் கடிந்துகொள்ளவில்லையாம்.
சரிதான்.
ஆனால் கிளிப்பைப் பார்க்காமல் எழுதுகிறவனும்
இராத்திரியில்தான் எழுதுவான்.

வலையை விட்டு வந்தார்கள்,
படகை விட்டு வந்தார்கள்.
கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.
படகிலேயே விடப்பட்ட தகப்பன் செபெதேயு
அன்று சாயங்காலம் யாரோடு வலை இழுத்தார்?
அதை ஒருவரும் பிரசங்கித்ததில்லை.
என் கதையில் விட்டுப் போகிறவன் தகப்பன்.
படகில் இருப்பது மகள்.

நேற்றிரவு சுபிதா கேட்டாள்:
"நீங்க முங்கினா இது செல்லாதா?"
டாக்டர் படிப்புக்கு மனுப் போட வைத்திருந்த தாளை
மின்விசிறியில் பறக்காமல்
உப்பு ஜாடியால் அழுத்தியிருந்தாள்.
என்னுது செல்லாது.
"என்னுது?"
தெரியல. கேட்கணும்.
"யார்கிட்ட?"

அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன்.
ஒரே அறை. அவளும் தூங்கவில்லை என்று தெரிந்தது.
ஜெபித்தேனா என்றால், ஜெபித்தேன்.
பதில் வந்ததா என்றால்,
மூன்று ஐம்பதுக்குக் குழாய் இருமியது.

இருபத்தெட்டுக் குடம்.
நிறைந்த தொட்டி
விமானம் ஒன்றின் விளக்கை வாங்கிக் குலுக்கியது.
வெள்ளை உடுப்பில் நான்கு பேர்
நடுங்கிக்கொண்டு வரிசையில்.
ஐந்தாவதாக நிற்க யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
போதகர் என் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்.
படியில் சுபிதா, கடைசிக் குடத்தோடு.

வாட்சைக் கழற்றினேன்.
நாளைக்கு ஆபீஸில் நானே சொல்லிடுவேன், என்றேன்.
அவள் குடத்தை இறக்கவில்லை.
இடுப்பிலேயே வைத்திருந்தாள்,
கீழே குழாய் நின்று
சந்து முழுக்க அமைதியாகும் வரை.

பிறகு குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள்.
வாட்சை வாங்கித் தன் கையில் மாட்டினாள்.
முழங்கை வரை சரிந்தது.
"தண்ணி ஜில்லுன்னு இருக்குப்பா," என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.